மருதம்பட்டைக் கஷாயம்

ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இதுவரை டிவி பக்கத்தில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது. என் கைடு ஹெலன் மேடம் இன்று, "கடைசி வருஷம் செண்பகவல்லி. தினமும் ரெண்டு வரி எழுதி வை, மனசு ஒரு இடத்துல நிக்கும்" என்றார். என் மனசு எங்கே ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பி.எச்டி கையெழுத்து அவர் கையில் இருக்கிறது. எழுதுகிறேன்.

காலையில் தோசை மாவு பொங்கி பிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடித்து பஸ் பிடித்து லேப்புக்குப் போனபோது பத்து மணி. மருதம்பட்டைச் சாறு சேர்த்த பிளேட்டுகளை வெளியே எடுத்தேன். தட்டில் புள்ளிகளாக வளரும் கிருமிக் காலனிகள் பாதிக்கு மேல் குறைந்திருக்கின்றன. மூன்றாம் முறையும் இதே முடிவு! என் ஜூனியர் ரிஃபானாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "அகாரே கட்டன்சாயா மாதிரி இருக்குக்கா, உள்ளே ஒண்ணும் தெரியலயே" என்றாள். பட்டையின் நிறம் அப்படி, அகார்க் கூழையே பால் விடாத டீ மாதிரி ஆக்கிவிடும். பிளேட்டின் பின்னணியில் தெரியவேண்டிய மங்கலான படலமும் சரியாகத் தெரியவில்லை. நிறம்தான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் குளித்தேன். "லேப்புக்குப் போய்ட்டு வந்தா எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி தலையோட குளிக்கா" என்று இவர் கேலி செய்தார். எனக்கு அசைடு என்ற அந்த விஷ மருந்து பாட்டிலைத் தொட்டால் குளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

இவர் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அப்படி என்னதான் அந்தத் தட்டுல பாக்க, எனக்கும் சொல்லேன்" என்றார். மனுஷன் எக்ஸ்ரே டெக்னீஷியன், பாதி அவருக்கே தெரியும். அதனால் சொன்னேன்.

"அந்தக் கிருமிக்கு ஒரு சத்தைச் சொந்தமா செய்யத் தெரியாது. அதோட மரபணுவுல ஒரு இடம் கெட்டுப்போயிருக்கு. அந்தச் சத்து இல்லாத தட்டுல விட்டா வளராது. அசைடைச் சேத்தா டிஎன்ஏ தாறுமாறா மாறும். அப்படி மாறும்போது சிலதுக்குக் கெட்டுப்போன இடம் தற்செயலா சரியாயிரும். அதுதான் வளந்து புள்ளியா நிக்கும். ஒரு புள்ளின்னா ஒரு மாற்றம்."

"பட்டைச் சாறு சேத்தா புள்ளி குறையுது. அப்ப மாற்றம் குறையுது."

"ஆமா."

"எக்ஸ்ரேயும் டிஎன்ஏவைத்தான மாத்தும்?"

"மாத்தும். ஆனா இது கிருமி. நாம மனுசங்க."

கத்தி நின்றது. "எல்லா உசுருக்கும் டிஎன்ஏ ஒரே சரக்குதான செண்பகம்?" என்றார்.

ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

ஜூன் 22, ஞாயிறு

குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போன மனுஷர் ஒரு பை நிறைய மருதம்பட்டையோடு வந்து நிற்கிறார். ஆற்றங்கரை மரத்தில் தானே கொத்தியதாம். "பாதி மரத்தை உரிச்சுட்டு வந்துட்டியளா?" என்றேன். "ஒரு பக்கம்தான் எடுத்தேன், மரத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, ஒரே மடக்கில் குடித்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இனி தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளராம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

குடிக்கட்டும். ஊரில் எத்தனையோ பேர் குடிக்கிறார்கள்.

ஜூலை 3, வியாழன்

மதுரைக் கருத்தரங்கில் எனக்கு முதல் பரிசு. பேப்பரிலும் வந்துவிட்டது: "மரபணுவைக் காக்கும் மருதம்பட்டை: நெல்லை ஆராய்ச்சி மாணவி கண்டுபிடிப்பு". நான் 'கிருமிகளில்' என்று நிருபரிடம் நாலு தடவை சொன்னேன். அந்த வார்த்தையை மட்டும் அழகாக விட்டுவிட்டார்கள். இவர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். 'கிருமிகளில்' இல்லையே என்று திருத்தத் தோன்றியது. ஆனால் படத்தில் நான் நன்றாக இருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இவர் தங்கை சங்கரிக்கு அம்பாசமுத்திரத்தில் வளைகாப்பு. லேப்பில் வேலை என்று நான் சொல்லிவிட்டேன். டியூட்டி என்று இவர் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தோம். மத்தியானம் ரசமும் அப்பளமும்.

ஜூலை 14, திங்கள்

ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்!!! மேடம் லேப் முழுக்க முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 25, வெள்ளி

இவருக்கு வயிறு சரியில்லை. மூன்று நாளாக வயிறு கல் மாதிரி இருக்கிறதாம். சென்டருக்கு எதிரே இருக்கும் புரோட்டா கடைதான் காரணம் என்று ஒரு பாட்டம் திட்டினேன். கஷாயத்தை ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்களேன் என்றும் சொன்னேன். "அது மட்டும் முடியாது" என்றார், ஏதோ நான் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி. சாதாரணமாக என் பேச்சுக்கு இவ்வளவு முறுக்கிக்கொள்ளும் ஆள் இல்லை.

என் கைத்தோல் உரிகிறது. கையுறையை ரெண்டு ஜோடி போட்டு, கழற்றியதும் சோப்பு போட்டு, மறுபடி சோப்பு போட்டால் உரியாமல் என்ன செய்யும் என்று ரிஃபானா கேட்கிறாள். அவளுக்கென்ன, போன தையில் கல்யாணம் ஆன பெண்.

ஆகஸ்ட் 6, புதன்

ரிஃபானா தன் வேலைக்காக என் பட்டைச் சாற்றையே எடுத்துப் போட்டிருக்கிறாள். இன்று காலை பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேன். படலமே இல்லக்கா."

அந்தப் படலம் என்பது உயிரோடு இருக்கும் கிருமிகள். தட்டில் துளியூண்டு சத்து போடுவோம். அதைத் தின்று எல்லாக் கிருமிகளும் கொஞ்சம் பெருகி, பனி படிந்த மாதிரி லேசாகத் தெரியும். அதன்மேல்தான் காலனிகள் புள்ளி புள்ளியாக வரும். படலம் இல்லை என்றால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம். செத்தது காலனி ஆகாது. அப்படியானால் காலனி குறைந்ததற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை.

"நீ அகாரைச் சூடா ஊத்திக் கிருமியைக் கொன்னுருப்ப" என்றேன். "இல்லக்கா, கையில தொட்டுப் பாத்துத்தான்" என்றாள். "உன் கை என்ன தெர்மாமீட்டரா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது.

அவள் சூடாகத்தான் ஊற்றியிருப்பாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மைக்ராஸ்கோப் அறைச் சாவி கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாவி கிடைத்தது. நேரம் கிடைக்கவில்லை. சாம்பார்ப் பொடி அரைத்தேன். ஜன்னல் கொசுவலையைத் துவைத்தேன். அலமாரித் துணியெல்லாம் மடித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரிஃபானா நல்ல பெண். நான் எரிந்து விழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது தானாகவே தன் லாத்தா, அதாவது அக்கா, கதையை எடுத்தாள்.

"அக்கா, அண்ணன் தங்கமான மனுசன்கா. எங்க லாத்தா பிள்ள கட்டிலுல இருந்து விழுந்து, காலுக்கு எக்ஸ்ரே எடுக்க நேத்து அண்ணன் சென்டருக்குத்தான் போனாங்க. அங்க நல்ல ஏப்ரன் ஒண்ணுதான் இருக்காம். அதை லாத்தாவுக்குப் போட்டு விட்டுட்டு, அண்ணன் சும்மாவே நின்னு பிள்ள காலைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். பட்டனை அமுக்குனது இன்னொரு பையனாம். 'உங்களுக்குப் பயமில்லையா அண்ணே'ன்னு லாத்தா கேட்டுருக்கா. 'எம் பொண்டாட்டி கண்டுபிடிச்ச மருந்து குடிக்கேன், என்னைய ஒரு கதிரும் அண்டாது'ன்னு சொல்லிச் சிரிச்சாங்களாம்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நான் எடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

ஏப்ரன் என்றால் கதிரைத் தடுக்க ஈயம் வைத்தது. எக்ஸ்ரே அறைக்குள் அது இல்லாமல் நிற்கக் கூடாது என்று எனக்கே பாடம் நடத்திய ஆள் இவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தடுப்புச் சுவருக்குப் பின்னால் போகாமல் பட்டனைத் தொடாத ஆள்.

டிபன்பாக்ஸை மூடிவிட்டு நேராக மைக்ராஸ்கோப் அறைக்குப் போனேன். குளிர் அறையில் வைத்திருந்த என் பழைய பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சாறு சேர்க்காத பிளேட்டில் படலம் இருக்கிறது. கொஞ்சமாகச் சேர்த்ததில் இருக்கிறது, மெலிசாக. நான் பரிசு வாங்கிய அளவில் சேர்த்ததில் ஒன்றுமே இல்லை. நிறத்தின் மேல் பழியைப் போட்டு, இந்த லென்ஸில் ஒருமுறைகூடக் கண்ணை வைக்காமல் இருந்திருக்கிறேன். என் சாறு கிருமியைக் காக்கவில்லை. கொன்றிருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஏறி இவர் சென்டருக்குப் போனேன். எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. விளக்கு அணைந்ததும் கதவைத் திறந்துகொண்டு முதலில் ஒரு தாய் ஏப்ரனோடு வந்தாள். பின்னாலேயே இவர் வெறும் சட்டையோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன அதிசயம், மகாராணி இங்க வந்துட்டிய" என்றார். "சும்மாதான்" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன். காலையில் அவர் டம்ளரைக் கையில் எடுத்ததும் வாங்கி மேடையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இது காக்கலங்க. நான் தப்பாப் பாத்துட்டேன். கிருமி செத்துப்போனதைக் காப்பாத்துனதா எழுதிட்டேன்."

முதலில் புரியாதவர் போலப் பார்த்தார். "மூணு தடவை பண்ணுனன்னு சொன்ன?"

"மூணு தடவையும் அதே தப்பைப் பண்ணியிருக்கேன்."

"பேப்பர்ல வந்துச்சே?"

"பேப்பர்ல வந்தா ஆச்சா? ஏப்ரன் இல்லாம எதுக்கு உள்ள நின்னிய? யாரு உங்களை நிக்கச் சொன்னா? நான் சொன்னேனா?" என் குரல் ஏறிவிட்டது. பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ள காலை ஒழுங்காப் பிடிக்கலன்னா படம் ஆடிரும். மறுபடி எடுக்கணும். பிள்ளைக்குத்தான ரெண்டு மடங்கு? யாரு வீட்டுப் பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்னுதான்" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நம்ம ரெண்டும் போனது என்னாலதான் செண்பகம். இத்தன வருசம் கதிருக்குள்ள நின்னவன் வித்து எப்படி நிக்கும்? ஒரு வருசம் இதைக் குடிச்சு உடம்பைச் சரி பண்ணிக்கிட்டு, அப்புறம் உங்கிட்ட மறுபடி கேப்போம்னு இருந்தேன்."

இதைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். முதல் தடவை கலைந்தது மூன்றாம் மாதம். இரண்டாம் தடவை நாலு மாதம் முடிந்து. அக்டோபர் வந்தால் மூன்று வருஷம்.

அவர் அருகில் உட்கார்ந்து, இல்லை, உங்களால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்து என்ன சொல்ல வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்க் கை கழுவினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெலன் மேடத்திடம் சொன்னேன். "படலத்தைப் பாத்தியா இல்லயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "பாக்கல மேடம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "நானும்தான் கேக்கல. கட்டுரையை நாமே திரும்ப வாங்கிருவோம்" என்றார். என் ஒரு வருஷ வேலை போய்விட்டது. ரிஃபானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "போங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்த ஆப்பத்தில் பாதியை எனக்குத் தந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் பேசவில்லை. கஷாயமும் போடவில்லை. மீதிப் பட்டையைச் செடித் தொட்டியில் கொட்டிவிட்டார். துணி உலர்த்தினோம், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

செப்டம்பர் 1, திங்கள்

ஏப்ரன் போடுகிறாரா என்று கேட்க எனக்குப் பயம். போடவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? மருந்து காக்கும் என்று நம்பியதால் நின்றார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. இனி என்ன ஆனால் என்ன என்றும் ஒரு மனுஷன் நிற்கலாமே.

கடைசியில் கேட்டே விட்டேன். "போடுதியளா?"

"ஒண்ணுதான இருக்கு" என்றார்.

"அப்ப முதலாளிகிட்ட இன்னொண்ணு கேளுங்க. நீங்க கேக்கலன்னா நாளைக்கு நான் வந்து கேப்பேன். வரவேற்பறையில நின்னு சத்தம் போட்டுக் கேப்பேன். என்னைத் தெரியும்ல?"

பல நாள் கழித்து லேசாகச் சிரித்தார். "தெரியும். கோயில்பட்டிக்காரி."

செப்டம்பர் 5, வெள்ளி

கேட்டுவிட்டார்! இன்னொரு ஏப்ரன் வராமல் குழந்தைகளுக்குப் படம் எடுக்க மாட்டேன் என்று முதலாளி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். டாக்டர் முதலில் குதித்தாராம். அப்புறம் ஆர்டர் போட்டுவிட்டாராம்.

என் புது பிளேட்டுகளும் வந்துவிட்டன. இந்தத் தடவை சாற்றை மிகவும் குறைத்துப் போட்டேன். படலம் நன்றாக இருக்கிறது, கண் வலிக்கும்வரை லென்ஸில் பார்த்தேன். காலனிகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, கொஞ்சம்தான். மருதம்பட்டையில் ஏதோ இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இன்னும் நிறையத் தடவை செய்து பார்த்தால்தான் வாயைத் திறக்க முடியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இவர் புது ஏப்ரனை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினார். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. லேப்பில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிஃபானா தண்ணீர் எடுத்து வந்தாள்.

பெண்கள் மருத்துவர் மெர்சியிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இருவருக்கும். இரண்டாவது முறைக்குப் பிறகு நாங்கள் எந்த டாக்டரிடமும் போகவே இல்லை. அவர் வேண்டாம் என்றார், நானும் சரி என்றேன். ஏன் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, ஏன் சரி என்று நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டர் மெர்சிக்கு ஐம்பது வயது இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேரும் என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார்.

இவர் முந்திக்கொண்டார். "நான் எக்ஸ்ரேல இருக்கேன் டாக்டர், பதினஞ்சு வருசமா. காரணம் நான்தான். இவளுக்கு ஊசி, டெஸ்ட்டுன்னு ஒண்ணும் வேண்டாம். என்னைய மட்டும் பாருங்க." மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இல்ல டாக்டர். இவிய அப்பல்லாம் சுவருக்குப் பின்னால நின்னவிய. நான்தான் காரணம். டிஎன்ஏவைக் கெடுக்கிற மருந்தையே தினமும் கையில எடுக்கிறவ நான். ரெண்டு தடவையும், வயித்துல இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் லேப்புக்குப் போனேன். மேடம் லீவு போடச் சொன்னாங்க, நான்தான் போடல."

இவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "என்னது?"

"நீங்க சும்மா இருங்க."

"நீ சும்மா இரு. டாக்டர், இவ ரெண்டு ஜோடி கையுறை போடுதவ டாக்டர். கையே உரிஞ்சு போயிருக்கு, காட்டுட்டி கையை. இவளால இல்ல."

"உங்களாலயும் இல்ல!"

"இவ சொல்லுததைக் கேக்காதிய டாக்டர், நான்தான்."

வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்த ரூமுக்குள்ள வாறவங்க அவராலதான், அவளாலதான்னு சண்டை போடுவாங்க. என்னாலதான்னு ரெண்டு பேரும் போட்டி போட்டு நான் பாத்ததே இல்ல" என்றார். இருவர் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். காரணம் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும் என்றார். தெரியாவிட்டால் அதை யாரும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்.

ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தோம்.

"எத்தன நாளா இதை உள்ள வச்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

"நீங்க எத்தன நாளா வச்சிருந்தியளோ, அத்தன நாளா."

மனுஷன் அங்கேயே, வெயிலில், பைக் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அழுதார். இளநீர்க்காரர் பார்த்தார், வாட்ச்மேன் பார்த்தார். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் வைத்து எனக்குத் தைரியம் சொன்னாரே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள். நான் முந்தானையைக் கொடுத்தேன். அதிலேயே நானும் துடைத்துக்கொண்டேன்.

சாவியைப் போட்டவர் வண்டியைக் கிளப்பவில்லை. "மூத்ததுக்கு நான் ஒரு பேரு வச்சிருந்தேன்" என்றார்.

என்ன பேர் என்று கேட்டேன். நிறைமதி என்றார். பெண்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டாராம்.

இளையதுக்கு நான் வைத்திருந்ததைச் சொன்னேன். அமுதன்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.